கைக்கெட்டிய தொட்டி

கண் இன்னும் திறக்கவில்லை. வலது கை மட்டும் விழித்துக்கொண்டு, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே போகிறது. அங்கே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவிரல் கணு அதன் வயிற்றில் இரண்டு தட்டு தட்டுகிறது. டொம், டொம். படுத்திருக்கும் மனிதர் மூடிய கண்ணோடு காதைக் கொடுக்கிறார்.

"முக்கால்," என்கிறார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பொழுது விடிகிறது. சூரியன் அதற்கு முன்பே வந்திருக்கலாம், அது சூரியனுடைய சொந்த விஷயம்.

வீடு வீடாகப் போய் டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். தெருவில் பெயர் டொக்டொக் மேஸ்திரி. பெயர் வைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. வருத்தப்பட வேண்டியவரும் வருத்தப்படவில்லை. யாராவது புதிதாக போன் செய்து தயங்கினால், "ஆமா, டொக்டொக்தான் பேசறேன், சொல்லுங்க," என்று எடுத்த எடுப்பிலேயே தைரியம் கொடுத்துவிடுவார். ஒட்டிய தரை காய்ந்ததும் அவர் குந்தி உட்கார்ந்து, வாத்து மாதிரி நகர்ந்து நகர்ந்து, கல் கல்லாகத் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாது. அடியில் சிமெண்ட் நிறைந்திருந்தால் ஒரு சத்தம், காற்று நின்றிருந்தால் வேறு சத்தம். காற்றுச் சத்தம் வந்த இடத்தில் முகம் சுண்டிப்போகும். "உள்ள காத்து நிக்குது. பேத்துடு," என்பார். வேலையாட்கள் கெஞ்சினாலும், வீட்டுக்காரரே வந்து 'போனால் போகட்டும்' என்றாலும் பேர்த்துத்தான் ஆக வேண்டும்.

"நாலு மூலையையும் தட்டணும், நடுவுலயும் தட்டணும்டா. ஒரு எடம் விட்டாலும் அது தட்டினதாவே ஆகாது. கண்ணு பொய் சொல்லும். காது சொல்லாது," என்பது அவர் வேலையாட்களுக்குச் செய்யும் ஒரே உபதேசம். அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்கிறார் என்பதை அவர்களிடம் கேட்க வேண்டும். பெருமூச்சுதான் பதிலாக வரும்.

தொழில் முடிந்தாலும் விரல் முடிவதில்லை. தர்பூசணிக் கடையில் அவர் பழம் தேர்ந்தெடுப்பதற்குள் கடைக்காரருக்குப் பொறுமை போய்விடும். உறவுக்காரர் வீடுகளில் செருப்பைக் கழற்றியதும் குதிகாலால் தரையை ஒரு இடி இடித்துப் பார்த்துக்கொள்வார். யார் ஒட்டியது என்று மட்டும் கேட்பார், வேறொன்றும் சொல்லமாட்டார். அந்தக் கேள்வியிலேயே வீட்டுக்காரர்களுக்கு அன்றைய தூக்கம் போய்விடும். ஒருமுறை நெஞ்சில் சளி கட்டி டாக்டரிடம் போனபோது, அவர் முதுகில் விரல் வைத்துத் தட்டிப் பார்க்க, மேஸ்திரி தலையைச் சாய்த்துத் தானும் கூர்ந்து கேட்டார்.

"டாக்டர், வலது பக்கம் கீழ இன்னொரு வாட்டி தட்டுங்க. அங்க சத்தம் மாறுது."

டாக்டர் மறுபடி தட்டினார். மாறத்தான் செய்ததாம். மேஸ்திரி இந்தக் கதையை எங்கே ஆரம்பித்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்பவர் முகத்தைப் பார்ப்பார். மருந்து சாப்பிட்டாரா, சளி போயிற்றா என்பதெல்லாம் கதையில் வராது.

ஊரார் வீடுகளில் இவ்வளவு கறாராக இருப்பவரின் சொந்த வீட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். மற்ற வேலைகளில் மீந்துபோன கல்லையெல்லாம் கொண்டுவந்து ஒட்டியதால் எந்த அறைக்கும் எந்த அறையோடும் ஒட்டுறவு கிடையாது. சமையலறை ஆஸ்பத்திரி வெள்ளை. முன்னறை கருஞ்சிவப்பு. குளியலறைச் சுவரில் ஒரு மீனுக்குத் தலை இருக்கும், வால் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருக்கும். "கல்லு நல்ல கல்லு. சத்தத்தைக் கேளு," என்பார். மீன் சத்தம் போடாது என்பதால் அவர் மனைவி பதில் சொல்வதில்லை.

அந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள சந்தில், செங்கல் மேடை கட்டித் தொட்டியை ஏற்றியவரும் அவரேதான். ஏற்றிய காலத்திலிருந்து படுக்கையில் கிடந்தபடியே தண்ணீர்க் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டொக் என்றால் முழுசு. டொம் என்றால் முக்கால். டம் என்றால் அரை. டங் என்று வந்துவிட்டால் எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். பொதுவாக அது மனைவியின் வேலையாகிவிடும்.

மனைவி தையல்காரி. அந்த ஜன்னலின் ஒரு பாதிக்குக் கீழே கட்டில், மறு பாதிக்குக் கீழே அவளுடைய பெடல் மெஷின். ஸ்கூல் யூனிபார்ம், நைட்டி, ஜன்னல் திரை என்று அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் அவள் கையில்தான் உருவாகிறது. முன்னறையில் மெஷினைப் போட்டால் வாசல் கதவு திறக்காது. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு. ஆகவே இந்த அறைதான், இந்த ஜன்னல்தான். ஜன்னலில் தெரிவதோ தொட்டியின் வயிறு. ஊருக்கெல்லாம் திரை தைத்துக் கொடுத்தாலும் தன் ஜன்னலுக்கு மட்டும் திரை தேவைப்படவில்லை என்று அவள் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று உண்டு.

சமீபமாகச் சிரிப்பதில்லை. ஊசியில் நூல் கோக்க அவள் எழுந்து வாசலுக்குப் போக ஆரம்பித்தாள். கருநீலத் துணியில் கருநீல நூல் எங்கே போகிறதென்று விரலால் தடவித் தைத்தாள். போன மாதம் ஒரு சின்னப் பையனின் கால்சட்டையில் பாக்கெட்டை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டாள். அவன் அம்மா வந்து, "பரவாயில்லக்கா, மிட்டாய் வெச்சா யாருக்கும் தெரியாது," என்று நல்லவிதமாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். அதைப் பிரித்துத் தைத்து முடித்ததும் மெஷினை மூடி வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டாள். "ஏங்க, தங்கச்சி வீட்டு முன்னறையில நல்ல வெளிச்சம். மெஷினை அங்க தூக்கிட்டுப் போயிடறேன். காலைல போனா விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

"எதுக்கு? பெரிய லைட்டா போட்டுட்டா ஆச்சு," என்றார்.

போட்டார். விளையாட்டு மைதானத்துக்குப் போட வேண்டிய விளக்கு அது. பின்னாலிருந்து அடித்த வெளிச்சத்தில் அவள் தலையின் நிழல் சரியாக ஊசி மேல் விழுந்தது. அறை அடுப்பு மாதிரி காய்ந்தது. அவள் எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, "தொட்டிய எடுங்க. இல்லன்னா மெஷினை எடுக்கறேன்," என்றாள்.

தொட்டியை எடுக்க முடியாததற்கு மேஸ்திரியிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பின்பக்கம் போனால் தண்ணீருக்கு ஃபோர்ஸ் இருக்காது. வெயில் பட்டால் தண்ணீர் கொதித்துப்போகும். பைப் லைனைப் பூராவும் மாற்ற வேண்டும். அங்கே மண் இளகல், மேடை இறங்கும். ஒவ்வொன்றையும் அவள் துணி வெட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"படுத்துக்கிட்டே தட்டணும். அதுதானே விஷயம்?"

"அப்படியெல்லாம் இல்ல," என்றார் மேஸ்திரி, அப்படித்தான் என்று தெருவுக்கே தெரிகிற குரலில்.

அவரை மசியவைத்தது அவள் பேச்சு அல்ல. இரண்டு நாள் கழித்து ஏணியிலிருந்து தவறிக் கால் சுளுக்கி அவர் வீட்டில் கிடந்தார். அன்று அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், மெஷினை எங்கே போடலாம் என்று பார்த்துவர. பகல் முழுக்க வீட்டில் அவர் ஒருவர். முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு என்னவோ குறைந்தது. எழுந்து தாழ்ப்பாளைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார். படுத்தார். தொட்டியைத் தட்டினார். டம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார். டம். கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் சும்மா நின்றது.

அப்போதுதான் விளங்கிற்று. அந்த மெஷின் சத்தத்தை அவர் இத்தனை காலமும் ஒரு பாஷையாகக் கேட்டு வந்திருக்கிறார். நீளமாக ஒரே ஓட்டம் ஓடினால் திரைத்துணி. விட்டு விட்டு வந்தால் காலர். சட்டென்று நின்று, நாக்கால் உச்சுக்கொட்டும் சத்தம் வந்தால் நூல் அறுந்திருக்கிறது. உச்சுக்கொட்டல் இல்லாமல் நின்றால் அவர் மேல் கோபம். வேலை இல்லாத நாட்களில் அந்தச் சத்தத்தில்தான் அவர் தூங்குகிறார். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமென்று தோன்றியதே இல்லை. நாளையிலிருந்து தினம் இப்படித்தான் இருக்குமென்று நினைத்தபோது அந்த மனிதர் நொண்டிக்கொண்டே போய் மறுபடி தாழ்ப்பாளைப் பார்த்தார். பயந்தேபோனார் என்று சொல்வதில் தப்பில்லை.

அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "பின்னாடி மேடை கட்டிடறேன்," என்றார்.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஆவணும்."

"ஒரு வாரம். எண்ணி ஒரு வாரம்."

மேடை என்னவோ ஒரு வாரத்தில் எழும்பிவிட்டது. குளியலறைக்குப் பின்னால், பழையதைவிட இடுப்பளவு உயரமாக. அதோடு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சிமெண்ட் மேடையை அப்படியே வெறும் உடம்போடு விட அவருக்கு மனசு வரவில்லை. வீட்டில் மீந்த கல் இன்னும் கிடந்தது. நாலு பக்கமும் ஒட்டினார். ஒட்டியதைத் தட்டினார். ஒரு மூலையில் காற்று. பேர்த்தார். மறுபடி ஒட்டினார். பிறகு ஓரத்துக்கு ஒரு பார்டர் வைத்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றிவிட்டது.

தொட்டியை இறக்கிப் பைப் மாற்றித்தர ஒப்புக்கொண்டவன் அவர் மச்சான், அவர் மனைவியின் தம்பி. பிளம்பர். மூன்று முறை கருவிப்பையோடு வந்து, ஒவ்வொரு முறையும் மேடை ஈரமாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனான்.

"மாமா, தண்ணித் தொட்டி வெக்கப் போறீங்களா, சிலை வெக்கப் போறீங்களா?"

"உனக்கென்னடா தெரியும்? காயட்டும்."

"அக்கா எனக்கு போன் மேல போன் போடறா."

அக்கா தங்கைக்கும் போன் போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் நெருங்கிவிட்டது. யூனிபார்ம் துணி கட்டில் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. தங்கையின் கணவரிடம் ஒரு சரக்கு ஆட்டோ உண்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அது வந்து மெஷினை ஏற்றிக்கொள்ளும் என்று முடிவாகிவிட்டது. சனிக்கிழமை சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி இதைச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை விடிந்ததும் விடியாததுமாக மச்சானை எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார். பைப்பைக் கழற்றுவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார்கள். சமையலறைக் குழாய் இருமி இருமி ஓய்ந்தது. குளியலறைக் குழாயும் நின்றது. மச்சான் சந்தில் நின்றபடி, "முழுசா காலியா பாருங்க மாமா," என்றான்.

சந்துக்குள்தான் அவரும் நின்றிருந்தார். கையை நீட்டினால் தொட்டி. ஆனால் பழக்கம் யாரை விட்டது? பின்கதவு வழியாக வீட்டுக்குள் போய், தொட்டி அடைத்த இருட்டில் எதையும் பார்க்காமல் கட்டிலில் ஏறி, கண்ணை மூடி ஒருக்களித்துப் படுத்து, ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டித் தட்டினார். டங், டங்.

"காலி. தூக்கலாம்."

"அடியில தட்டிப் பாத்தீங்களா?"

"காது பொய் சொல்லாதுடா. வா, பிடி."

தொட்டியின் குழாய்வாய் அடியிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கும். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் எந்தக் குழாயிலும் இறங்காது. பிளம்பருக்கு அது தெரியும், தூக்கம் தெளிந்திருந்தால். மேஸ்திரிக்கும் தெரிந்திருக்கும், படுக்கையிலிருந்து எட்டாத இடத்தை ஒருநாளாவது தட்டியிருந்தால். மூலை மூலையாகத் தட்டச் சொல்லி ஊரையே வதைத்தவர், சொந்தத் தொட்டியில் ஒரே ஒரு இடத்தைத்தான் வருஷக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்தார்.

தூக்கினார்கள். தொட்டி அசைந்தது. அசைந்ததும் உள்ளே என்னவோ புரண்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் தொட்டி ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூடி தெறித்தது. அத்தனை வருஷத்து வண்டலும் சேறுமாகத் தண்ணீர் பாதி மச்சான் தலையிலும், பாதி ஜன்னல் கம்பி வழியாக அறைக்குள்ளும் கொட்டியது.

"ஐயோ, மெஷினு!" என்றார் மேஸ்திரி.

அதே நேரம் வாசல் பக்கம் ஒரு சரக்கு ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. புகைக்குழாய் ஓட்டையான அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், தங்கை வீட்டுக்காரருடையது. பத்து மணி ஆகிவிட்டதா? தொட்டியை அப்படியே மச்சான் மேல் விட்டுவிட்டு ஓடினார். பின்கதவு, சமையலறை, படுக்கையறை.

கட்டில் சேறாகக் கிடந்தது. மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. தரையில் அதன் நான்கு கால்களும் நின்ற துரு வட்டங்கள் மட்டும் இருந்தன. துணிக் குவியலும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை.

மேஸ்திரி ஈர மெத்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பனியனிலிருந்து சேறு சொட்டியது. பார்டர் வைக்காமல் இருந்திருந்தால், அந்த ஒரு மூலையைப் பேர்க்காமல் இருந்திருந்தால் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தலையில் சேறோடு மச்சான் அறை வாசற்படியில் வந்து நின்றான், திட்ட வாயெடுத்தவன் மாமாவின் முகத்தைப் பார்த்துத் திட்டை விழுங்கினான்.

"என்ன மாமா?"

"போயிடுச்சுடா."

"எது?"

"சத்தம்," என்றார் மேஸ்திரி.

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் ஏதோ கேட்க வந்தான். மேஸ்திரி சட்டென்று கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

முன்னறையிலிருந்து வந்தது. விட்டு, விட்டு, விட்டு. காலர்.

எழுந்து போய்ப் பார்த்தார். வாசல் கதவை அடைத்துக்கொண்டு மெஷின் நின்றது. சுற்றிலும் யூனிபார்ம் துணி, எல்லாம் பாலிதீன் விரிப்பின் மேல் பத்திரமாக அடுக்கியிருந்தது. ஒரு ஜன்னல் கதவை மட்டும் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றது. அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"விடியக்காலைல நீங்க தம்பியைக் கூப்பிடப் போனப்பவே இழுத்துப் போட்டுட்டேன். நீங்க தொட்டிய எறக்கறீங்கன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

"ஆட்டோ வந்து போச்சே!"

"வந்தாரு. கதவே தெறக்கல, எப்படி ஏத்தறது? ஜன்னல் வழியா சொல்லி அனுப்பிட்டேன். தொட்டி எறங்குது, மெஷின் எங்கயும் வரலன்னு." குனிந்து நூலை அறுத்தாள். "அடியில தட்டிப் பாக்கலியா?"

"இல்ல."

"நாலு மூலையும் தட்டணும்னு ஒரு மேஸ்திரி சொல்வாரு. அவரைக் கூப்பிட்டிருக்கலாம்."

மச்சான் சேற்றோடு சேறாகச் சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை. அறை வாசலில் நின்றபடியே, சொல்லிப் பழக்கமில்லாத ஒரு வார்த்தையைத் தேடுகிறவர் மாதிரி கதவு நிலையை இரண்டு முறை தட்டினார்.

"நீ போயிட்டன்னு நெனச்சிட்டேன்," என்றார் கடைசியில். "வீடு கேக்கவே சகிக்கல."

அவள் மெஷின் மேலிருந்த துணித் துண்டை எடுத்து அவர் பக்கம் எறிந்தாள். "மொதல்ல மூஞ்சியத் தொடைங்க."

மத்தியானத்துக்குள் தொட்டியைக் கழுவிப் புது மேடையில் ஏற்றியாகிவிட்டது. நான்கு பக்கமும் நான்கு நிறம், மேலே பூப்போட்ட பார்டர். அதன் மேல் ஏறி உட்கார்ந்த கறுப்புத் தொட்டிக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்திருக்கலாம். பைப்பெல்லாம் சேர்த்து முடித்துத் தண்ணீர் ஏற்றியபின் அவள் சமையலறைக் குழாயைத் திருகினாள். இடுப்பளவு உயரம் கூடியதை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. பீறிட்டு வந்த தண்ணீர் பாத்திரம் கழுவும் தொட்டியில் பட்டுத் தெறித்த வேகத்தில் முகமும் புடவையும் நனைந்துவிட்டன. நனைந்த முகத்தோடே பின்கதவில் வந்து நின்று, "ஏங்க, நீங்க சொன்னது சரிதான். ஃபோர்ஸே இல்ல," என்றாள். மேஸ்திரி பார்டரைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

ஆனால் அன்று அவருக்குக் கிடைத்த உண்மையான அடி சாயங்காலம் விழுந்தது. அறையைக் கழுவி, கட்டிலை உலர்த்தி, மெஷினைத் திரும்பவும் அதன் துரு வட்டங்களின் மேல் கொண்டுவந்து வைத்தார்கள். ஜன்னல் வழியே மாலை வெயில் முதல்முறையாகத் தரை முழுக்க விழுந்தது. பளபளவென்று இருந்தது. மேஸ்திரி திருப்தியாக ஒரு சுற்றுப் பார்த்தவர், கட்டில் காலருகே, மெஷினை ஒட்டி நின்றுவிட்டார். அங்கே ஒரு கல் பக்கத்துக் கல்லைவிடத் துருத்திக்கொண்டிருந்தது. சாய்வெயிலில் அதன் விளிம்பு நிழல் கோடு போட்டது. குனிந்து தட்டினார். டொக். உள்ளே காற்று இல்லை. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கண்ணால் பார்த்தால் மட்டும் கோணல்.

"இது எப்பலேர்ந்து?"

"நீங்க ஒட்டினதுலேர்ந்து. தெனம் கால்ல இடிக்குது," என்றாள் அவள், பெடலை மிதித்தபடி.

"சொல்லியிருக்கலாமே."

"கண்ணு பொய் சொல்லும்னு சொல்வீங்களே. கால் விரல் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அந்தக் கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பேர்க்க வேண்டுமென்றால் மெஷினை நகர்த்த வேண்டும். மெஷினை நகர்த்துகிற பேச்சையே அவர் எடுப்பதில்லை.

தொட்டியைத் தட்டுவதை அவர் விட்டுவிட்டார் என்று நினைத்தால் அது நம்முடைய அறியாமை. தினமும் பின்பக்கம் நடந்து போய்த் தட்டுகிறார். மேலே, நடுவே, அடியில், சுற்றிவந்து பின்புறமும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து குட்மார்னிங் சொல்கிறார்கள். டாக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னது இப்படி நிறைவேறியதில் வீட்டுக்காரம்மாவுக்குத் திருப்தி. மட்டம் தெரிய வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் வைத்துவிடலாம், பார்த்தாலே தெரியும் என்று மச்சான் சொன்னான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் இந்த நடையெல்லாம் எழுந்த பிறகு. எழுவதற்கு முன் அந்தக் கைக்கு யார் போய்ச் சொல்வது?

இன்று காலையும் கண் திறக்கவில்லை. வலது கை மட்டும் விழித்து, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே போகிறது. ஒரு முழம் போகிறது. அங்கே ஒன்றுமில்லை. விரல்கள் காற்றில் கொஞ்சம் தேடுகின்றன. உள்ளங்கை திரும்புகிறது, அதில் காலை வெளிச்சம் விழுகிறது. கை அங்கேயே சற்று நேரம் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் நீளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்கோ திரை.

கை மெதுவாக உள்ளே வருகிறது. கட்டில் விளிம்பைத் தடவிக் கடந்து, மெஷின் பலகையைக் கண்டுபிடித்து, நடுவிரல் கணுவால் இரண்டு தட்டு தட்டுகிறது.

மெஷின் நிற்கிறது. "என்ன?"

"ஒண்ணுமில்ல," என்கிறார் கண்ணைத் திறக்காமலே. "இருக்கான்னு பாத்தேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தரிக்கோலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் அதே பலகையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பெடலை மிதிக்கிறாள்.